உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடையாது

"அப்பா போயிட்டாரு மாமா" என்று மறுபடியும் சொன்னாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தாள். இரண்டு கையும் அலமாரியில் அப்பாவுக்குப் போட ஒரு நல்ல சட்டையைத் தேடிக்கொண்டிருந்தன.

"அதான் தெரியுமேம்மா" என்றது மறுமுனை. "நான்தானே அன்னிக்குப் பேசினேன், உங்க பழைய வீட்ல அவனுக்கு நினைவுப் பலகை திறக்கறப்போ. உங்க வீட்லேர்ந்து யாருமே வரலையேன்னு எங்களுக்கெல்லாம் மனசு கஷ்டமாப் போச்சு."

"அது இல்ல மாமா. இன்னிக்குக் காலைல. காபி குடுக்கலாம்னு எழுப்பினேன்…"

மறுமுனையில் யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தார்கள். கட்டை மாமா தன் சைக்கிள் கடையில்தான் இருக்கிறார். அப்பா கோல்கீப்பராக நின்ற காலத்தில் அவருக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடியவர். அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் கட்டை என்று பெயர். தாண்டிப் போனால் அப்பா பிடித்துக்கொள்வார். அப்படியே இரண்டு பேருக்கும் வாலிபம் முழுக்க ஓடியது.

"பலகைல தப்பாப் போட்டுட்டாங்க மாமா. அப்பா உயிரோடதான் இருந்தாரு. என்கூடத்தான் இருந்தாரு."

மாமா யாரையோ மணி அடிப்பதை நிறுத்தச் சொன்னார்.

"பலகை வெச்சது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வருஷா வருஷம் நாங்க அங்க கூடறது?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எட்டு வருஷமாகப் பொய்யோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, அந்த நேரம் பார்த்து வாயில் உண்மைதான் வந்தது. "வருவாரு மாமா. தொப்பி போட்டுக்கிட்டுப் பின்னாடி நிப்பாரு."

"நான் பேசறதக் கேட்டானா?"

"கேட்டாரு. கைகூடத் தட்டுவாரு."

"நான் அங்க அழுதிருக்கேன்மா." கட்டை மாமாவின் குரல் உடைந்தது. பிறகு கெட்டியானது. "ஊரே பாக்க, மூக்கச் சிந்திக்கிட்டு அழுதிருக்கேன். அதப் பாத்துக்கிட்டே நின்னு கை தட்டினானா?"

"மாமா, மத்தியானம் எடுக்கறோம். நீங்க ஒருத்தராவது வந்து முகத்தப் பாத்துட்டுப் போனீங்கன்னா…"

"நான் ஒரு தடவ அழுது முடிச்சாச்சு. மறுபடி அழ என்கிட்ட ஸ்டாக் இல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை கிடைத்தது. காலர் நைந்திருந்தது. கணவர் அப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் கையை நுழைத்தாள். வலது கையின் சுண்டுவிரல் வழக்கம்போல் எங்கும் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது. நகரக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிஷப் பெனால்டியைத் தட்டிவிட்டபோது உடைந்த விரல். அதற்கப்புறம் அது மடங்கவே இல்லை. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள். அப்பாவின் கையை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது வராங்களா?" என்றார் கணவர்.

"இல்ல."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனுஷன். கேட்டிருந்தால் அவர்மேல் எரிந்து விழுந்திருப்பாள்.

பழைய வீடு இருந்த வட்டாரத்தில் நினைவுக் குழு என்று ஒன்று உண்டு. அங்கே குடியிருந்து பேர் வாங்கியவர்களின் வீட்டுச் சுவரில் பித்தளைப் பலகை அடிப்பது அவர்கள் வேலை. சம்பளமில்லாத வேலை என்பதால் கண்டிப்பு அதிகம். பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும், எத்தனை வரி எழுதலாம், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான விதி, ஆள் செத்து ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது. உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடையாது. இருக்கிறவன் நாளைக்கே ஏதாவது அசிங்கம் பண்ணிவைத்தால் யார் பதில் சொல்வது?

உயரத்தை டேப் வைத்து அளந்தவர்கள், ஆள் இருக்கிறாரா என்று மட்டும் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. அம்மா போனபின் அப்பா வீட்டை விற்றுவிட்டு ஊரின் மறுகோடிக்கு, மகளிடம் வந்துவிட்டார். மைதானத்துப் பக்கம் போவது நின்றது. ஆண்களின் சிநேகிதம் விசித்திரமானது. எதிரில் பார்த்தால் உயிரைக் கொடுப்பார்கள், பார்க்காவிட்டால் போன் நம்பர்கூட வைத்திருக்க மாட்டார்கள். ஆளைக் காணோம் என்று பேசிப் பேசி, கடைசியில் யாரோ செத்துவிட்டதாகவே சொல்லியிருக்கிறார்கள். குழு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்திய வருஷமே இறந்த வருஷம் என்று முடிவாயிற்று.

செய்தித்தாளில் படம் பார்த்துவிட்டு அப்பாவும் மகளும் சண்டை போடத்தான் போனார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் அந்த வாசலில் நின்றார்கள். இன்னார் இந்த வீட்டில் வாழ்ந்தார். நகரின் மானத்தைத் தன் கைகளால் காத்தவர். அப்பா மேலிருந்து கீழே படித்தார், மறுபடி மேலே போய்ப் படித்தார். பஸ் டிப்போவின் டயர் ஸ்டோரில் காலம் முழுக்க வேலை பார்த்தவர் அவர். அங்கே யாரும் அவரிடம் மானத்தைப் பற்றியெல்லாம் பேசியதில்லை.

"வாங்கப்பா, ஆபீஸ் எங்கன்னு கேப்போம்" என்றாள்.

"இரு" என்றார். "இப்ப நான் போய் இருக்கேன்னு சொன்னா என்ன ஆகும்?"

"எடுத்துடுவாங்க."

"அப்ப எதுக்குச் சொல்லணும்?"

அன்றைக்கு முளைத்த கிறுக்கு இறங்கவே இல்லை. பழைய ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கல்யாணம் காட்சி எதற்கும் வருவதில்லை. மழை பெய்தாலும் மைதானத்துப் பக்கம் ஒதுங்குவதில்லை. பேத்தி கல்யாணத்துக்குக்கூட மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பாடு வேண்டாமென்று கிளம்பிவிட்டார். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்கப் போவார். ஒரு வருஷம் குழுவின் செயலாளரே அவரைப் பார்த்துக் கையைக் காட்டி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே, போட்டோல விழறீங்க" என்றார். அப்பா தள்ளி நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டை மாமாவின் கடை போர்டிலிருந்த நம்பரை அப்பாவுக்குத் தெரியாமல் போனில் ஏற்றிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"கட்டை மாமாகிட்ட மட்டுமாவது சொல்லலாம்ப்பா. அவரு வாயத் திறக்க மாட்டாரு."

"கட்டையா? அவன் வாயில பந்துகூட நிக்காது." அதற்குமேல் பேச்சு கிடையாது. படுக்கையில் விழுந்த பிறகும் அதே பாட்டுதான். "இன்னும் கொஞ்ச நாள்தான். நான் போயிட்டா பலகை உண்மையாயிடும். யாரையும் அதுல கை வைக்க விட்டுடாத."

குளிப்பாட்டியது அவள். மலம் மூத்திரம் எடுத்தது அவள். உயிரோடு இருந்த மனுஷனுக்கு அவள் சோறு போட்டாள், செத்த மனுஷனுக்கு அவர்கள் பலகை போட்டார்கள். அப்பா எந்தப் பக்கம் போய் நின்றார்? அதை நினைக்கும்போது அவளுக்கு அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. செத்துக் கிடக்கிறவர்மேல் இவ்வளவு கோபம் வருமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கட்டை மாமா வரவில்லை. ஆனால் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். பதினோரு மணி வாக்கில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. செயலாளர் மலர்வளையத்தோடு இறங்கினார்.

"ரிப்பன் போடல" என்றார் மெதுவாக. "பேர் எதுவும் வேணாம்னு பாத்தோம்."

கூடத்தில் அப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தவர் நிமிர நேரமாயிற்று. "இவர நான் பாத்திருக்கேன். பின்னாடி நிப்பாரு, தொப்பி போட்டுக்கிட்டு."

"ஆமா. நீங்கதான் தள்ளி நிக்கச் சொன்னீங்க."

செயலாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வெட்கம் தெரிந்த மனிதர்தான். ஆனால் அவர் வந்தது வெட்கப்படுவதற்காக இல்லை.

"பேப்பர்ல ஏதும் குடுக்கறீங்களாம்மா?"

"குடுக்கலாம்னு இருக்கேன். யாருமே வரல. நாளைக்காவது நாலு பேருக்குத் தெரியட்டும்."

"அது உங்க உரிமை. நாங்க கட்டாயப்படுத்தல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா இன்னிக்குத் தேதி வெளிய தெரிஞ்சா, பலகைய நாங்க எடுத்தாகணும். விதி அப்படி. இன்னிலேர்ந்து அஞ்சு வருஷம் கழிச்சுப் புதுசா யாராவது எழுதிப் போடணும். அப்பக் குழுவுல யாரு இருப்பாங்களோ. அந்த வீட்டுக்காரரு வேற இப்பவே ஏசி மெஷின் மாட்ட இடம் பாத்துக்கிட்டிருக்காரு."

"வருஷத்த மட்டும் திருத்த முடியாதா?"

"செதுக்கினதும்மா. திருத்தினா தெரியும். ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா, மத்தப் பலகையெல்லாம் நெசமான்னு கேப்பாங்க."

அவளுக்கு எட்டு வருஷமாகக் கேட்கவேண்டும் என்றிருந்தது. "செதுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த விசாரிச்சிருக்கலாமே, ஆளு இருக்காரா இல்லையான்னு?"

செயலாளர் யோசித்தார். மழுப்பாமல் பதில் சொன்னார். "இப்படி ஒரு ஆளு உயிரோட இருந்தா நாலு பேருக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சோம்மா."

சமையலறையில் கணவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். பாத்திரச் சத்தம் நின்றது. அவள் மலர்வளையத்தை வாங்கி அப்பாவின் கால்மாட்டில் வைத்தாள். டீ வருவதற்குள் செயலாளர் எழுந்துவிட்டார். சாயங்காலம் வேறொரு வீட்டில் பலகை திறப்பு இருக்கிறதாம்.

மத்தியானம் வேன் வந்தது. எதிர்வீட்டுக்காரரும் கணவரும் டிரைவரும் உதவியாளுமாகத் தூக்கினார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு அப்பா வெறும் பெரியவர். மாடிப்படியில் மூச்சு வாங்கி நிற்கிற பெரியவர். தகனக் கூடத்தில் ஆஸ்பத்திரிச் சான்றிதழைக் காட்டி நேரம் வாங்கவேண்டும் என்று கணவர் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார். அவள் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். உதவியாள் பின்னால் அப்பாவோடு உட்கார்ந்தான்.

"மைதானத்து ரோடு வழியாப் போங்க."

"சுத்தும்மா அது."

"பரவால்ல."

சைக்கிள் கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. பட்டப்பகலில் கட்டை மாமா கடையை மூடி அவள் பார்த்ததில்லை. அழுவதற்காக மூடினாரா, வண்டியைப் பார்க்கக் கூடாதென்று மூடினாரா, தெரியவில்லை. இறங்கி ஷட்டரைத் தட்டலாமா என்று நினைத்தாள். அதற்குள் வண்டி தாண்டிவிட்டது.

பழைய வீட்டின் எதிரே, "இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றாள்.

டிரைவர் நிறுத்தினார். காரணம் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் ஜனங்கள் எங்கெங்கோ நிறுத்தச் சொல்வார்கள் போலிருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் பலகை வெயிலில் பளபளத்தது. யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். டிரைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார், கீழே இருந்த வருஷத்தையும் சேர்த்து.

"செத்து இத்தன வருஷமாச்சு. பாருங்க, இன்னும் பேரு நிக்குது. நகரத்தோட மானமாமே!" அவளைப் பார்த்துத் திரும்பினார். "யாரும்மா இவரு? உங்களுக்குத் தெரியுமா?"

காலையிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தது போல அவளுக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. அப்பா யார் என்று அன்றைக்கு அவளிடம் வாயைத் திறந்து கேட்ட ஒரே ஆள் இந்த டிரைவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். பிறகு ஏணியோடு ஆட்கள் வருவார்கள்.

"பந்து விளையாடுவாராம்" என்றாள்.

"ஓ." டிரைவர் மரியாதைக்கு இன்னொரு தடவை பலகையைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பின்பக்கம் சாய்த்துக் காட்டி, "உங்கப்பா என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?" என்றார்.

"பஸ் டிப்போல இருந்தாரு. டயர் ஸ்டோர்ல."

டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.