துடைத்து வைத்த வீடு

குடியேற்றத் துறையிலிருந்து ஆள் வருகிறது என்றதும் நான் செய்த முதல் காரியம் வீட்டைத் துடைத்ததுதான். என் மருமகள் வெளிநாட்டுக்காரி. நிஜக் கல்யாணமா, இங்கே தங்கும் அனுமதிக்காக நடந்த கல்யாணமா என்று பார்க்க வருகிறார்கள். பொய்யென்று பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே! மகன், மருமகளுடைய கொடித் துணி, சீப்பு, செருப்பு, பிரஷ் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். அவள் ரொட்டி ஆலையிலிருந்தும் மகன் பஸ் டிப்போவிலிருந்தும் வந்து சேரவும், அதிகாரியம்மா நுழையவும் சரியாக இருந்தது.

குளியலறையை எட்டிப் பார்த்தார். "பிரஷ் ஒண்ணுதான் இருக்கு?"

"அது என்னோடது மேடம்."

"அப்ப இவங்க பல்லே விளக்க மாட்டாங்களா?"

மகன் என்னை முறைத்தான். "என்னம்மா பண்ணித் தொலைச்ச?"

சேர்ந்து வாழ்வதற்கு அடையாளம் இல்லை என்று பேனா ஓட ஆரம்பித்தது. "எல்லாம் பரண்ல மூட்டையா இருக்கு மேடம்!" என்று நான் மேலே கையைக் காட்டினேன். மருமகள் ஸ்டூலில் ஏறி மூட்டையைத் தள்ளினாள். அது அவிழ்ந்து ஓட்டைப் பனியனும் உள்பாவாடையும் அதிகாரியின் காலடியில் கொட்டின.

"அத்தை, அழுக்கையும் துவைச்சதையும் ஒண்ணாவா கட்டுவீங்க?"

"நீங்க மூட்டையில எதை வேணும்னாலும் வைக்கலாமே," என்றார் அதிகாரி. "அக்கம்பக்கத்துல யாராவது சொல்லட்டும்."

பக்கத்து வீட்டுத் தையல்காரி இருக்கிறாளே, "வெளியாளுங்க வந்துதான் நம்ம பிழைப்பு போச்சு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்பவள்.

"அவகிட்டயா? வேற வினையே வேணாம்டி!"

"பக்கத்துல இருக்கிறது அவங்கதானே அத்தை?" மருமகள் போய்க் கதவைத் தட்டினாள். நானும் பின்னாலேயே ஓடினேன், அதிகாரியும் வந்தார்.

"அக்கா, நான் இங்க இருக்கேனா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தையல்காரி இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே எங்களை அளந்தாள்.

"மேடம், வெளியாளுங்க வர்றது எனக்குப் பிடிக்காது. இவகிட்டயே சொல்லிருக்கேன்."

போச்சுடா என்று நினைத்தேன்.

"அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா? தினம் விடிஞ்சா, யாரு முதல்ல குளிக்கிறதுன்னு புருஷனும் பொண்டாட்டியும் அடிச்சுக்கிறாங்க. செவுரு மெல்லிசு. எனக்குத் தூக்கம் போயே ரெண்டு வருஷம் ஆச்சு. இது கல்யாணம் இல்லேன்னா வேற எதுங்க கல்யாணம்?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி நீட்டினார். தையல்காரி வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"உனக்காகப் போடலை. உண்மைன்னு போடறேன்."

"அது போதும்க்கா," என்றாள் மருமகள்.