பெட்டி குடித்த தண்ணீர்

எண்பத்தேழில் மழை தலைகாட்டவே இல்லை. பரளச்சிப் பக்கத்து ஊருணியெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரோ உப்பு. மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; மனுஷர்கள் அதைத்தான் குடித்தார்கள். ஆனால் ரோட்டு விலக்கில் இருந்த நவநீதகிருஷ்ணனின் சிமெண்டு வார்க்கிற களத்துக்கு மட்டும் டவுனிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வந்து தொட்டியில் நிறைந்தது. எல்லாம் பெட்டிகளுக்காக.

அணு உலைக் கழிவை அடைத்து மண்ணுக்குள் புதைக்கிற சிமெண்டுப் பெட்டிகள் அவை. முந்நூறு வருஷம் விரிசல் விடக்கூடாதாம். உப்புப் பட்டால் உள்ளே கம்பி துருவேறிச் சிமெண்டைப் பிளந்துவிடும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வார்ப்பவன் சங்கையா கொத்தனார். வார்த்த பெட்டி இறுகும்வரை ஈரச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் காட்டுகிற வேலை அவன் பெண்டாட்டி சண்முகவடிவுக்கு.

"நம்ம பேரன் பேத்தி காலத்துக்கு அப்புறமும் இந்தப் பெட்டி இருக்கும்டி" என்று சங்கையா பெருமை பேசுவான். பிள்ளையே இல்லாத மனுஷனுக்குப் பேரன் எங்கிருந்து வருவான் என்று அவள் சிரிப்பாள்.

அந்தச் சங்கையாவுக்கு வாந்தி பேதி கண்டது. "உப்பும் சீனியும் கலந்து குடுத்துக்கிட்டே இரு. கெணத்துத் தண்ணி ஆகாது, நல்ல தண்ணியில குடு" என்று சொல்லிவிட்டு நர்சம்மா பஸ் ஏறிவிட்டாள்.

சண்முகவடிவு, லோடு ஏறவிருந்த கடைசிப் பெட்டிக்கு ஊற்றவேண்டிய குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். பெட்டிக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். புருஷன் அன்று எழுந்து உட்கார்ந்தான். ஆனால் சாக்குக் காய்ந்ததும் பெட்டிமேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நவநீதகிருஷ்ணன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு, தப்புமா?

"மொதலாளி, அவுக மறுபடி படுத்துட்டாக, சாகக் கெடக்காக. இன்னும் ஒரு கொடம் குடுங்க" என்று கெஞ்சினாள்.

"ஆளு போனா வேற கொத்தன் வருவான். காண்ட்ராக்ட்டு போனா வருமா?"

தொட்டிக் குழாயைப் பூட்டினான். அப்புறம் அந்தப் பாவி செய்ததைக் கேளுங்கள். ஈரச் சாக்கால் உப்பைத் துடைத்துவிட்டு, அந்தப் பெட்டியையும் நல்ல பெட்டிகளோடு வரிசையில் தள்ளிவைத்தான்.

அவள் கிணற்றுத் தண்ணீரையே காய்ச்சிக் கொடுத்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் சங்கையா அடங்கிவிட்டான்.

நவநீதகிருஷ்ணன் மாலையோடு வந்தான். "நம்மகிட்ட வேலை பாத்தவரு. நீர்மாலைக்கு என் தொட்டியிலயே எடுத்துக்கங்க" என்றான் தாராளமாக. பிணத்தைக் குளிப்பாட்ட நல்ல தண்ணீர்! ஊரே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது.

நீர்மாலை எடுக்கப் பெண்டாட்டி போவது வழக்கமில்லை. சண்முகவடிவு போனாள். களத்தில் லாரி நின்றது. அந்தக் கடைசிப் பெட்டி ஏறக் காத்திருந்தது. நாத்தனார் தலையிலிருந்த நிறைகுடத்தைப் பிடுங்கி அதன்மேல் கவிழ்த்தாள்.

"குடி. அவுகளுக்கு இல்லாத தண்ணி. நீ முந்நூறு வருசம் நல்லா இரு" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

நவநீதகிருஷ்ணன் முகம் சுளித்தான். "ஏம்மா, தண்ணி காட்டி முடிஞ்ச பெட்டிக்கு எதுக்கு ஊத்தி வீணாக்குற?" என்று, அடுத்த குடம் பிடிக்குமுன் குழாயைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டான்.

சங்கையாவைக் கிணற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள்.