துருப்பிடிச்ச கை

லொரெய்ன் அப்பாவின் வலது கைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பருத்தி உறை. விரல்கள் வீங்கிப் போயிருந்ததால் ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் வரமாட்டேன் என்று வெளியே நின்றது. ஆளின் பிடிவாதம் அந்த விரலில் மிச்சமிருந்தது.

"குளிருதா அவருக்கு?" என்றாள் ஜோலின். சாகப்போகிறவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் காப்பி மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பவள்.

"குளிரெல்லாம் இல்ல. காலைலேருந்து கிளவுஸ் கிளவுஸ்னு உயிரை எடுக்கறார். எதையோ கையில எடுக்கப் போறார் போல."

உறை மாட்டியதும் ஆர்மாண்ட் திபொதோ அமைதியானார். கண் மூடியபடியே இரு கைகளையும் போர்வைக்கு மேல் தூக்கினார். இடது உள்ளங்கையில் இல்லாத ஒன்றை ஏந்தி, வலது கட்டைவிரலால் இல்லாத ஒரு விசையைத் தள்ளி, இல்லாத உருளையை மெல்லச் சுற்றினார். பிறகு கவிழ்த்துப் பிடித்து அடியைப் பார்த்தார். உதடுகள் ஏதோ எண்களை முணுமுணுத்தன.

"யாரோட போன் நம்பர் அது? கூப்பிட்டுச் சொல்லணுமா?"

"போன் நம்பர் இல்ல ஜோலின். துப்பாக்கி நம்பர்."

ஜோலின் சிரித்தாள். லொரெய்னுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

அவர் வேலை பார்த்தது ஊர்த் தண்ணீர் இலாகாவில். வீடு வீடாகப் போய், நிலவறைக்குள் இறங்கி, மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னொரு எண்ணைப் பிடித்துக்கொள்வார். போலீஸ்காரர்கள் ஒரு காலத்தில் இடுப்பில் சுமந்த பழைய ரிவால்வர்கள்தான் அவருக்கு வேண்டும், வேறெதுவும் வேண்டாம். வெர்மாண்ட் மாநிலத்தின் அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கத் தெரிந்த ஆண்பிள்ளை எல்லாம் மானுக்குப் போவான். இவர் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. பிடிக்கு அடியில் அடித்திருக்கும் எண்ணிலிருந்து தொடங்குவார். எந்த வருடம் எஃகு கடைந்தார்கள், துருப்பிடிக்காமல் இருக்க எப்போது நீலம் பாய்ச்சினார்கள், பெட்டி எந்த ஊருக்குப் போனது, எந்தப் போலீஸ்காரனின் இடுப்பில் தொங்கியது, அவன் செத்த பிறகு பெண்டாட்டி யாருக்குக் கொடுத்தாள் என்று ஐந்தாறு மாநிலங்களுக்குப் போன் போட்டு விசாரிப்பார். "இது மார்ச் மாசம் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிச்சு" என்று அடித்துச் சொல்வார். லொரெய்ன் பிறந்தது எந்த மாதம் என்பதை அம்மா இருந்தவரை அம்மாவிடம்தான் கேட்டுக்கொள்வார்.

மகன் எங்கே போனான் என்று மட்டும் அவர் தேடவில்லை. டெனிஸ் பத்தொன்பது வயதில் அப்பாவோடு ஒரு சண்டை போட்டு, மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினான். முதலில் அம்மாவுக்கு மட்டும் போன் வந்தது. அம்மா போன பிறகு அதுவும் நின்றது. போன வாரம் கடைசியாகத் தெரிந்த எண்ணுக்கு லொரெய்ன் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுத்தது ஓரிகனில் ஒரு சலவைக்கடைக்காரர். பாவம், நல்ல மனிதர், அவளைவிட அவர்தான் அதிகமாக வருத்தப்பட்டார்.

மத்தியானம் ஆர்மாண்ட் கண்ணைத் திறந்தார். லொரெய்ன் கிட்டே குனிந்தாள். இத்தனை வருடம் கூடவே இருந்து, சூப் வைத்து, ஒன்றுக்குப் போக எழுப்பி உட்காரவைத்தவளுக்கு ஒரு வார்த்தை இருக்கும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆசைதான், ஒளிப்பானேன்.

"துடைச்சியா?" என்றார்.

"என்னப்பா?"

"தொட்டா துடைச்சு வைக்கணும். துடைச்சியா?"

"துடைச்சிட்டேம்ப்பா."

அவர் திருப்தியாகக் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு பேசவில்லை. ஜோலின் இரண்டாவது கோப்பைக் காப்பியை எடுத்துக்கொண்டு வந்தபோது மூச்சு நின்றிருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நாடி பார்த்துவிட்டு, லொரெய்னின் தோளில் கை வைத்தாள்.

"போயிட்டாரும்மா. கொஞ்ச நேரம் உக்காரு. நான் வெளியில இருந்து போன் பண்றேன்."

லொரெய்ன் உறைகளைக் கழற்றினாள். அந்தக் கையைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பிடிப்பதற்கு முன்னால் தன் உள்ளங்கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்தாள். துடைத்த பிறகுதான் செய்தது உறைத்தது. செத்தவரைத் தொடவும் துடைத்துக்கொள்கிறோமே என்று அழுகை பொங்கியது.

அது ஏழு வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அப்பா இல்லாத ஒரு நாள், அவளும் பத்து வயது டெனிஸும் அப்பா துப்பாக்கிகள் வைத்திருந்த அறைக்குள் நுழைந்து போலீஸ் திருடன் விளையாடினார்கள். டெனிஸ்தான் போலீஸ். அவன் எப்போதும் போலீஸ்தான். அந்தக் குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய், கத்தி நழுவி, வலது கட்டைவிரலில் சாய்வாக ஒரு வெட்டு வாங்கியிருந்தான். தையல் பிரித்த தழும்பைப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் வாங்கிக்கொண்டுதான் காட்டுவான். தங்கைக்கு மட்டும் இலவசம். இரண்டு பேரும் துப்பாக்கிகளைத் தொட்டார்கள், எடுத்த இடத்தில் வைத்தார்கள், தப்பித்தோம் என்று நினைத்தார்கள்.

சில நாள் கழித்து அப்பா இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். நீல எஃகின் மேல் ஒரு விரல் தடம் துருவாக எழும்பியிருந்தது. "யார் கை?" என்றார். டெனிஸ் கூரையைப் பார்த்தான். லொரெய்ன், "என் கையா இருக்கும்ப்பா" என்றாள். யாராவது ஏதாவது சொன்னால் அது முடிந்துவிடும் என்றிருந்தது அவளுக்கு. அப்பா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். பயத்தில் வேர்த்து ஈரமாக இருந்தது.

"உனக்குத் துருப்பிடிச்ச கை" என்றார். "சிலருக்கு அப்படி. வேர்வையில உப்பு. தொட்டதெல்லாம் போயிரும்."

அடிக்கவில்லை, திட்டவில்லை. அறைக்குப் பூட்டு வந்தது, அவ்வளவுதான். டெனிஸ் ஒரு வாரம் அவளைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுவிட்டு மறந்துபோனான். அவள் மறக்கவில்லை. சர்ச்சில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும்போது துடைத்துக்கொண்டாள். தபால் நிலையத்தில் வேலை கிடைத்த பிறகு கவுண்டருக்குக் கீழே ஒரு துணி வைத்திருந்தாள். ரோஜர் என்று ஒருவன் நடனக் கூடத்தில் கையைப் பிடிக்க வந்தபோதும் துடைத்தாள். அவன் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டான்.

மான் வேட்டை வாரத்தில் யாரும் சாகக்கூடாது. சவப்பெட்டி தூக்க ஆறு பேர் தேறுவதே பெரும்பாடாகிவிட்டது. காட்டிலிருந்து நேரே வந்த இரண்டு பேர் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு மேல்சட்டையைச் சர்ச் வாசலில் கழற்றி மாட்டிவிட்டுத் தோள் கொடுத்தார்கள். கல்லறையில் பாதிரியாரின் ஜெபத்துக்கு நடுவே தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அந்த இருவரும் தலையைத் திருப்பிவிட்டு, சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

பிறகு சர்ச் கூடத்தில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட அப்பமும் காப்பியும் இருந்தன. வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஒன்றேதான் இருந்தது. "நல்ல மனுஷன். மீட்டர்ல ஒரு எண் தப்பா எழுத மாட்டார்." அடுத்ததாகக் கேட்கவும் ஒன்றேதான். "டெனிஸ் வரலையா?"

"வரல" என்று சொல்லி லொரெய்ன் அப்பத் துண்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். நான் வந்திருக்கிறேனே என்று ஒருவரிடமாவது சொல்லலாமா என்று பார்த்தாள். அடுத்த தட்டை எடுத்து அடுக்கினாள்.

மறுநாள் காலை எமில் பெட்டிகளோடு வந்தார். அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர். பழைய துப்பாக்கி வியாபாரி. கண்காட்சிகளில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் திரும்பி வருவார்கள். எல்லாவற்றையும் எமில் எடுத்துப்போய் விற்றுத் தருவது என்று அப்பா முன்பே சொல்லி வைத்திருந்தார்.

லொரெய்ன் பூட்டைத் திறந்தாள். ஏழு வயதுக்குப் பிறகு அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. எண்ணெய் வாசனை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக நீல எஃகு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஊரும் வருடமும் எழுதிய அட்டை. கண்ணாடியில் எங்கேயும் ஒரு விரல் தடம் இல்லை. அப்பா அந்த அறையில் வாழ்ந்ததாகவே தெரியவில்லை.

"இந்தா, நீ இதப் போட்டுக்க" என்று எமில் ஒரு ஜோடி உறையை நீட்டினார். "எடுத்துக் கொடு. உருளையத் திறந்து, காலியான்னு பாத்து, பிடி என் பக்கமா. ஆங், அப்படித்தான். உங்கப்பன் பொண்ணுதான் நீ."

பாதி வேலை முடிந்தபோது எமில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"இதப் பாரு. கிளீவ்லாந்து போலீஸ்ல இருந்தது. முதல் வருஷத்து உருப்படி. இந்த எழவெடுத்த துரு மட்டும் இல்லன்னா மியூசியம்காரனே கேப்பான். எண்ணெய் தொட்டு வெண்கல நாரால தேய்ச்சா அரை மணி நேர வேலை. எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா? தொடாதேன்னுட்டான்."

"ஏனாம்?"

"உங்கப்பன்கிட்ட ஏன்னு கேட்டு யாருக்கு பதில் வந்திருக்கு? அந்தத் துருவச் சுத்தி மட்டும் எண்ணெய் போடுவான். பரவவும் விடமாட்டான், போகவும் விடமாட்டான். எந்த ஊர்க் கண்காட்சிக்குப் போனாலும் இதக் கொண்டாந்து மேசை நடுவுல வைப்பான். விலைச்சீட்டு கிடையாது. இத வச்சுக்கிட்டே நாள் பூரா உக்காந்திருப்பான்."

லொரெய்ன் அதை வாங்கிக்கொண்டாள். உருளைக்குப் பின்னால், பக்கவாட்டுத் தகட்டில், பழுப்பாகச் சின்னதாக ஒரு விரல். குழந்தை விரல். தொட்டதெல்லாம் போயிரும் என்று சொன்ன மனிதர் இந்தக் கையை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபமும், இதுவே சொன்ன மாதிரிதான் என்று சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அழுதால் எமில் பயந்துவிடுவார் என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஜன்னல் மேசையில் அப்பாவின் பூதக்கண்ணாடி இருந்தது. அந்த விரலை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பார்க்கவேண்டும் போலிருந்தது. எடுத்துப் பிடித்தாள்.

ரேகைகள் ஏரித் தண்ணீரின் வட்டங்களாகத் தெளிவாகத் தெரிந்தன. அவற்றை அறுத்துக்கொண்டு சாய்வாக ஒரு கோடு போயிற்று. கோடு போன இடத்தில் துரு இல்லை. தையல் போட்ட புள்ளிகள்கூட இரண்டு பக்கமும் தெரிந்தன.

பிடிக்கு அடியில் எண் சரியாக விழுந்திருக்கிறதா என்று இதே கண்ணாடியில் மணிக்கணக்காகப் பார்ப்பவர் அப்பா. இந்தக் கோட்டை அவர் அன்றைக்கே பார்த்திருப்பார்.

"என்ன, குறுக்க கீறல் ஏதாவது இருக்கா?" என்றார் எமில். "என் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"இல்ல அங்கிள். ஒண்ணுமில்ல." கண்ணாடியை இருந்த இடத்திலேயே வைத்தாள். "இத மட்டும் வச்சிட்டுப் போங்க."

"துருப்பிடிச்சத வச்சுக்கிட்டு என்னம்மா செய்யப்போற? நல்லதா ஒண்ணு எடுத்துக்கயேன்."

"இதுவே இருக்கட்டும்."

எமில் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். எண்ணெய்த் துணி ஒன்றை மட்டும் அவள் பக்கம் தள்ளி வைத்தார். "மறக்காம துடைச்சு வை" என்றார்.

அவர் வண்டி போன பிறகு வீடு சத்தமில்லாமல் இருந்தது. லொரெய்ன் ரிவால்வரைச் சமையலறைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கெட்டிலை நிரப்பி அடுப்பில் ஏற்றினாள். உட்கார்ந்து, கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. கை தானாகப் பாவாடைக்குப் போனது. நிறுத்திக்கொண்டாள்.

உருளையைத் திறந்து காலிதான் என்று பார்த்தாள். மூடினாள். பிறகு டெனிஸின் விரலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எஃகு குளிர்ந்திருந்தது. அது சூடாகும்வரை எடுக்கவில்லை.

எண்ணெய்த் துணியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். கெட்டில் கொதித்து மூக்கு வழியாக ஆவி விடத் தொடங்கியது. அவள் ஆவி படும்படி ரிவால்வரை அடுப்புப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பை அணைக்க எழவில்லை.