சம்யுக்தா என்கிற ஆப்ஜெக்ட்

சுருள் அடைப்புக்குறிகள் இரண்டு, நடுவில் கொஞ்சம் வெற்றிடம், பலகையில் அதைப் போட்டுவிட்டு பவதாரிணி நகர்ந்து நின்றாள், இதுதாங்க ஆப்ஜெக்ட், ஒருத்தரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் இதுக்குள்ள வைக்கலாம், பேரு, வயசு, படிக்கிற கிளாஸு, பிடிச்ச கலரு, இதெல்லாம் பிராப்பர்ட்டி, அதுக்கு நேரா நீங்க எழுதறது வேல்யூ, உங்க வீட்ல யாராச்சும் ஒருத்தரை எடுத்து எழுதுங்க பார்க்கலாம் என்றாள். காந்திபுரத்தில் ஒரு மாடியில் ஞாயிறு காலைகளில் நடக்கும் அந்த வெப் டிசைன் வகுப்பில் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள், நந்தகோபாலுக்கு மட்டும்தான் காதோரம் நரைத்திருந்தது, தோஹாவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்துகொண்டிருந்தவன், கம்பெனியை இழுத்து மூடிவிட்டதால் ஊர் திரும்பி, இனிமேல் கடையெல்லாம் இன்டர்நெட்டில்தான் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தவன், மற்றவர்கள் அம்மாவையும் தம்பியையும் எழுதிக்கொண்டிருக்க, அவன் யோசிக்காமலே தட்டிவிட்டான், சம்யுக்தா.

பெயர் வைத்தது அவன்தான், ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோதே கூப்பிட்டுவிட்டான், கௌசல்யா தலையணையில் முகம் திருப்பி, அதுக்குள்ள பேரா என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, வயதைக் கணக்குப் போட்டு எழுதிவிடலாம், பிடித்த கலர் மஞ்சள், மஞ்சள் கிரையானைக் கடித்து உதடெல்லாம் மஞ்சளாக வந்து நிற்கிறாள், அப்பா பாரு என்கிறாள், பார்க்கிறான், அது விமான நிலையமாகிவிடுகிறது, பெட்டி தள்ளும் வண்டியில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்கிறாள், கௌசல்யா அவளைப் பிய்த்து எடுக்கிறாள், பிறகு ஈரோட்டில் கோர்ட்டு வராந்தா, அவளைக் கூட்டிவரவில்லை, கௌசல்யா மட்டும் தூணோரம் நின்று தாழ்ந்த குரலில் பேசுகிறாள், ஏனுங்க, நீங்க வந்து வந்து போனீங்கன்னா புள்ள ஒரு வாரம் சோறு திங்க மாட்டேங்கறா, பாவமுங்க, விட்டுருங்க, அதில் கோபம் இருந்திருந்தால் அவனும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பான், அழுகைதான் இருந்தது, சரி என்று சொல்லிவிட்டான், கௌசல்யாவுக்கு இன்னொரு கல்யாணம் ஆனதைத் தோஹாவில் ஒரு கடைப் பலகைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது போனில் சொன்னார்கள், நல்லதுதானே என்றுதான் அன்றைக்கும் சொன்னான்.

படிக்கிற கிளாஸ் என்பதற்கு நேராக எழுத ஒன்றும் தெரியவில்லை, அதை விட்டுவிட்டுப் புரோகிராமை ஓடவிட்டுப் பார்த்தான், மற்றதெல்லாம் வந்தது, கிளாஸைக் கேட்டால் மட்டும் அன்டிஃபைன்ட் என்று வந்தது, பவதாரிணி அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, எழுதாததைக் கேட்டா அப்படித்தானுங்கண்ணா சொல்லும், சும்மா எதையாச்சும் போடுங்க, நெசமா இருக்கோணும்னு ஒண்ணுமில்லீங்க என்றாள், எதையாவது போட விரல் வரவில்லை, ஒரு நிமிசமுங்க மேடம் என்று எழுந்து மாடிப்படிக்குப் போனான்.

கௌசல்யாவின் நம்பர் போனில் அப்படியே இருந்தது, கோர்ட்டுக்குப் பிறகு அழைத்ததே இல்லை, இவனுடையது ஊருக்கு வந்து வாங்கிய புது நம்பர், மணி அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது, எடுத்துவிட்டார்கள், ஹலோ யாருங்க என்றது ஒரு குரல், கௌசல்யாதான் என்று நினைத்தான், கல்யாணமான புதிதில் அவள் பேசிய அதே குரல், பிறகுதான் அது மகளின் குரல் என்று உறைத்தது, சம்யுக்தாவா என்றான், ஆமாங்க, நீங்க யாரு, பின்னால் கதவு திறந்து கீபோர்டுகளின் சத்தம் படிக்கட்டு வரை வந்தது, வாயில் அதுதான் வந்தது, கம்ப்யூட்டர் கிளாஸ்ல இருந்து பேசறேன் கண்ணு, நீ எத்தனாவது படிக்கிறே, ஏழாவதுங்க என்றாள், உடனே போனைத் தள்ளிப் பிடித்து, அம்மா, ஏதோ கம்ப்யூட்டர் கிளாஸாமா, சேரச் சொல்றாங்க என்று கத்தினாள், எங்கோ உள்ளே குக்கர் விசில் அடிக்க அதன் மேல் கௌசல்யாவின் குரல், அப்பாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றோம்னு சொல்லிட்டு வை, என்றது.

அப்பாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றோமுங்க, என்றாள் சம்யுக்தா, எவ்வளவு பதவிசாக வளர்த்திருக்கிறாள் கௌசல்யா, சரி கண்ணு, கேட்டுட்டுச் சொல்லு என்றான், சொல்லி முடிக்கையில் அந்தப் பக்கம் யாருமில்லை.

குழாயடியில் முகத்தைக் கழுவி, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான், ஏழு என்று எழுதினான், ஓடவிட்டதும் ஏழு என்று வந்தது, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தவனிடம் பவதாரிணி வந்தாள், வந்துருச்சுங்களா, பாப்பா ஏழாவதுங்களாண்ணா, ஆமாங்க மேடம், ஏழாவது, குரல் தன்னையறியாமல் உயர்ந்ததில் இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், எந்த ஸ்கூலுங்க என்றாள், இன்னொரு பிராப்பர்ட்டி சேர்க்கலாமே என்று.

அதைக் கேக்கறதுக்குள்ள வெச்சுட்டாங்க மேடம், என்றான்.

பவதாரிணி சிரித்தாள், இந்தக் காலத்துப் புள்ளைங்க அப்படித்தானுங்கண்ணா, அப்பன்கிட்டப் பேசறதுக்கு நேரம் ஏது, வீட்டுக்குப் போய் மெதுவாக் கேட்டுக்குங்க என்று அடுத்த மேசைக்குப் போனாள்.

சரிங்க மேடம், என்றான்.