எட்டு நாள் தூரம்

சிங்கப்பூருக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் நடுவே ஆயிரத்தெண்ணூறு மைல். கப்பலில் எட்டு நாள், பிளேனில் ஏழெட்டு மணி நேரம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நீலமேகத்துக்கே இந்தக் கணக்கு அத்துப்படி. சிங்கப்பூர் கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அவன் தம்பி லோகநாதனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

அம்மா மங்கம்மா படுத்த படுக்கையானதும் நீலமேகம் தந்தி கொடுத்தான்: "அம்மாவுக்கு முடியவில்லை. பிளேனில் வா." பதில் வந்தது: "பிளேன் தோதுப்படாது. அடுத்த கப்பலில் பார்க்கிறேன். எட்டு நாளாகும்." பார்க்கிறானாம், பெரிய துரை!

இதைக் கிழவியிடம் சொல்ல நீலமேகத்துக்கு வாய் வரவில்லை. தம்பி கப்பலேறிவிட்டான் என்று சொல்லிவைத்தான். சொன்ன பொய்க்குக் கப்பலும் ஓட்ட வேண்டியதாயிற்று. டோல்கேட் பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் அவன் தலை தெரிந்ததுமே கேட்பாள்.

"கப்பலு எங்க வந்துகினு கீது, நைனா?"

"பினாங்கு தாண்டிச்சிம்மா."

அப்புறம் நடுக்கடல். அப்புறம் நாகப்பட்டினம். அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சரக்கு இறக்குகிறார்கள், புயல், எஞ்சின் கோளாறு என்று நாளைக் கடத்தினான். துறைமுகத்துச் சங்கு ஊதினால் போதும், அவள் கண் வாசலுக்குப் போய்விடும்.

தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். "சின்னவன் கையால நெருப்பு வச்சாத்தான் என் கட்ட வேவும்," என்பாள் கிழவி. பீ மூத்திரம் அள்ளிக்கொண்டிருந்த பெரியவன் காதில் அது விழும்.

கப்பல் நாகப்பட்டினத்தில் நிற்கும்போதே ஒரு விடியற்காலை அவள் போய்விட்டாள். சாவுத் தந்தி போன அன்று மத்தியானமே பதில்: "நாளை பிளேனில் வருகிறேன். அதுவரை எடுக்க வேண்டாம்."

"பிளேன்ல வர்றானாமே! குடுத்து வச்சவ," என்று தெருவே வாய் பிளந்தது. கூட மூட்டை தூக்கும் கமால், ஐஸ் பாளத்துக்குச் சொல்ல ராயபுரம் கிளம்பினான். நீலமேகம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஐஸும் வோணாம், ஒரு மண்ணும் வோணாம். உசுரோட கெடந்தவளுக்கு எட்டு நாளு தூரம், பொணத்துக்கு ஒரு நாளா? அவன் கப்பல்லயே வரட்டும். தூக்குங்கடா!"

"ஒரே ஒரு நாளு பொறுத்துக்கய்யா," என்று அவன் பெண்சாதி கெங்கம்மா கையைப் பிடித்தாள். உதறினான். பொழுது சாய்வதற்குள் சுடுகாட்டில் அவனே கொள்ளி வைத்தான்.

மறுநாள் சாயங்காலம் கோட்டும் சூட்டுமாக டாக்சியில் வந்து இறங்கினான் லோகநாதன்.

"சாம்பலு கீது. போய்ப் பாத்துக்கோ," என்றான் நீலமேகம்.

தம்பி தெருவிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அம்மாவுக்காக அழுதானோ, ஊருக்காக அழுதானோ, யார் கண்டது? எதுவானாலும் நீலமேகத்துக்கு வயிறு குளிர்ந்துதான் போயிற்று. அடுப்பங்கரைக்கு வந்து கெங்கம்மாவிடம் தண்ணீர் கேட்டான்.

அவள் சொம்பை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பிய நல்லா பழி வாங்கிக்கினே. கெயவி இன்னாய்யா செஞ்சிது? அது கேட்டது ஒண்ணே ஒண்ணு. இந்த வாட்டி அவன் நெஜமாவே வந்துகினு இருந்தானே!"