தொடர்பு அலுவலகத்தில் கட்டிய நூல்

ஸோ லேவாவின் வேலை கதவைத் திறப்பது. காலை எட்டு மணிக்குத் திறக்க வேண்டும், மாலை ஐந்துக்குச் சாத்த வேண்டும். நடுவில் இருக்கும் ஒன்பது மணி நேரத்தில் ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்காது. ஆனாலும் மனிதர் சட்டைக்குப் பொத்தான் போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

வாசலுக்கு மேலே பலகை. போர்நிறுத்தத் தொடர்பு அலுவலகம் என்று கரேன், பர்மிய, ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தது. கரேன் எழுத்துதான் வெயிலில் முதலில் வெளுத்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் பர்மா அரசும் மலையிலிருந்த கரேன் இனப் படையும் தலைநகரில் கையெழுத்துப் போட்டபோது, பட்டாசு மட்டும்தான் பாக்கி, அத்தனை கொண்டாட்டம். கரேன் படையின் ஆள் ஒருவன் ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் இந்த அலுவலகம் ராணுவத்துக்குச் சொல்ல வேண்டும். ராணுவம் மலைக்குப் போக வேண்டுமென்றால் இங்கே சொல்ல வேண்டும். ராணுவத்தின் கையில் இருக்கும் இந்த ஊரில் கரேன் தரப்பின் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். டீக்கடையில் கடன் சொல்லும் அளவுக்கு ஊரில் மரியாதை இருந்தது.

பிறகு ராணுவம் தலைநகரில் ஆட்சியைப் பிடித்தது. மலையில் மறுபடி துப்பாக்கி வெடித்தது, விமானம் வந்து கிராமங்களில் குண்டு போட்டது. சமாதானத்தை யாரும் கொன்றுவிடவில்லை. யாரும் அதற்குச் சோறு போடவும் இல்லை. ஆறு பேரில் இரண்டு பேர் துப்பாக்கி தூக்கப் போனார்கள். ஒருவர் தாய்லாந்துக்குப் போனார். ஒருவர் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு செல்போன் கடை வைத்தார். கடைசியாகப் போன கர்னல், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே லேவாவிடம் சொன்னார்.

"கதவை மட்டும் மூடிடாதே. யாரு முதல்ல மூடுறாங்களோ, அவங்கதான் சமாதானத்தை முறிச்சாங்கன்னு எழுதுவானுங்க. உனக்குப் பதிலா ஆள் அனுப்பறேன். அதுவரைக்கும் உட்காரு."

நாலு வருஷமாக லேவா உட்கார்ந்திருந்தார்.

வீடு அப்படி ஒன்றும் சந்திரமண்டலத்தில் இல்லை. தன்ல்வின் ஆற்றில் படகேறிப் பாதி நாள், இறங்கி மலைப்பாதையில் ஒரு பகல். ஆறு பேர் இருந்த காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்வந்தார். இப்போது போனால் அலுவலகம் காலி. மனைவி முயே அவரிடம் பேச வேண்டுமென்றால், தாய்லாந்து சிக்னல் கிடைக்கும் குன்றின் மேல் ஏறவேண்டும். போன மாதம் பேசியபோது அவள் மூச்சு போனிலேயே இரைந்தது.

"என்ன முயே, ஓடி வந்தியா?"

"ஓடறதா! பக்கத்து வீட்டுக்காரன் முதுகுல ஏத்திக்கிட்டு வந்தான். நெஞ்சுக்குள்ள யாரோ உட்கார்ந்திருக்காப்ல இருக்கு. இனிமே இந்தக் குன்றுல என்னால ஏற முடியாது, சொல்லிட்டேன்."

"மருந்து?"

"மருந்துக்காரம்மா அகதி முகாமுக்குப் போயிட்டா. அதை விடு. இந்த வருஷம் நூலுக்கு நீ வந்தாகணும். உன் சட்டைக் கையில கட்டிக் கட்டி எனக்கு அலுத்துப் போச்சு. அடுத்த வருஷம் கட்ட நான் இருக்கேனோ என்னமோ."

ஆகஸ்டில் வரும் வகாங் மாதப் பௌர்ணமி அன்று நூல் கட்டுவார்கள். மனிதனுக்குள் இருக்கிற க்லா என்கிற உயிராவி சும்மா இருக்காது. பயந்தாலும் ஓடும், ஆசைப்பட்டாலும் ஓடும், காட்டில் திரியும். அதை வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். வீட்டு ஏணியின் மேல்படியில் சோற்றுக் கரண்டியால் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது உள்ளே வந்ததும் மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டிவிட வேண்டும். எந்த வீட்டுக்குக் கூப்பிட்டார்களோ அந்த வீட்டில் அன்றிரவு படுக்க வேண்டும். நூலை அறுக்கக் கூடாது, தானாக இற்று விழ வேண்டும். ஊரில் இல்லாதவனுக்கு அவன் சட்டையை விரித்து வைத்து, அதன் கையில் கட்டுவார்கள். லேவாவின் பழைய சிவப்புச் சட்டையில் நாலு முடிச்சு இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை லேவா தலைமையகத்துக்கு எழுதும் வாராந்திர அறிக்கையில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார். மனைவிக்கு உடல்நிலை சரியில்லை, மாற்று ஆள் அனுப்பக் கோருகிறேன். வழக்கம்போல உப்பு வியாபாரியின் படகில் கொடுத்தனுப்பினார். அடுத்த திங்களும் எழுதினார். அதற்கடுத்த திங்களும். பதில் இல்லை. ஒன்றரை வருஷமாக எதற்குமே பதில் இல்லை, ஆனால் சண்டைக்காலத்தில் பதில் வராதது பெரிய விஷயமா என்று அவரே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார். அவருக்குச் சொல்லவும் வேறு ஆள் கிடையாது.

வியாழக்கிழமைகளில் ராணுவத்தின் தரப்பில் கேப்டன் தெட் பைங் வருவான். முப்பத்தெட்டு வயது, தொப்பை விழுந்த பர்மியன். மீறல் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு உண்டு. அந்த வாரம் எந்தக் கிராமத்தில் எத்தனை குண்டு விழுந்தது என்று லேவா எழுதி வைத்திருப்பார். கேப்டன் அதன் கீழே 'பெறப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெற்றிலை மடிப்பான். அவன் ஆட்கள் போட்ட குண்டுதான். வருஷத்துக்கு ஒருமுறை, கையெழுத்தான நாளில், புதுப் பேனரோடு வந்து லேவாவின் கையைக் குலுக்கிப் போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள்.

"கேப்டன், பொண்டாட்டிக்கு நெஞ்சுவலி. நாலு நாளைக்கு ஊருக்குப் போயிட்டு வரட்டுமா?"

"தாராளமா போங்க மாமா. கதவு பூட்டியிருந்தா நான் மேல எழுதணும், கரேன் தரப்பு அலுவலகத்தை மூடிட்டாங்கன்னு. எழுதட்டுமா?"

"வேண்டாம்."

"உங்களை மாதிரி ஒரு ஆள் எங்க பக்கம் இருந்திருந்தா இந்நேரம் ஜெனரல் ஆயிருப்பாரு."

"உங்க பக்கம் இருந்திருந்தா நான் எப்பவோ ஓடிப்போயிருப்பேன்."

கேப்டன் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தான். லேவாவும் சிரித்துவைத்தார். அவன் போனபிறகு அந்த வாரத்தில் வேறு யாரும் அந்த அறையில் சிரிக்கவில்லை.

பௌர்ணமி வந்துவிட்டது. மாற்று ஆள் வரவில்லை. இனி புறப்பட்டாலும் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. காலையில் லேவா குளித்து, புதுச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, அலுவலக மேசையில் சோற்று உருண்டை, வாழைப்பழம், கரும்பு, குளிர்ந்த தண்ணீர், நூல் எல்லாம் எடுத்து வைத்தார். முயே இல்லாமல் நூல் கட்டுவது இதுதான் முதல் தடவை. போன நாலு வருஷமும் அவள் சட்டையில் கட்டுவதே போதும் என்று இருந்துவிட்டார். இந்த வருஷம் அவள் கட்டுகிற நிலையில் இருக்கிறாளா என்றே தெரியவில்லை. க்லாவை யாராவது கூப்பிட்டாக வேண்டுமே.

எதிர்வரிசையில் மீன்சாற்று நூடுல்ஸான மொஹிங்கா விற்கிற மோன் இனப் பெண் மி ஹான் கிண்ணத்தோடு உள்ளே வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணே, சமாதானத்துக்குக் கல்யாணமா? பழமும் கரும்புமா இருக்கு."

"நூல் கட்டணும். ஒத்தக் கையால முடிச்சு விழ மாட்டேங்குது."

"கொண்டாங்க, நான் போடறேன்."

"நீ மோன்காரி. என் க்லாவுக்கு உன் பாஷை புரியாது."

"பத்து வருஷமா என் மொஹிங்காவைத்தானே தின்னுது. எல்லாம் புரியும், கையை நீட்டுங்க."

அலுவலகத்துக்கு ஏணி கிடையாது, சிமெண்டு வாசற்படிதான். லேவா அதில் கரண்டியால் தட்டினார். லேவாவின் க்லாவே, வா, இந்த வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டார். வெட்கமாக இருந்தது. தெருவில் போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். மி ஹான் மூன்று முடிச்சு போட்டாள், பல்லால் நூலைக் கடித்து முனையைத் துண்டித்தாள், கரும்பில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. தெரியாத தாய்லாந்து நம்பர். முயேதான் என்று பாய்ந்து எடுத்தார். ஏதோ சின்னப் பெண்ணின் குரல்.

"பெரியப்பா, நான் நோ தூலே, தலைமையகத்துல ஃபைல் பார்க்கிற பொண்ணு. குண்டு விழுந்ததால நாங்க இடம் மாறினோம். பழைய மூட்டையைப் பிரிச்சா உங்க அறிக்கை எழுபத்து மூணு கிடக்கு. ஒண்ணைக்கூட யாரும் பிரிக்கல. நான்தான் உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்சேன். இன்னும் ஏன் பெரியப்பா அனுப்பிட்டே இருக்கீங்க?"

"என் வேலைம்மா. மாற்று ஆள் எப்ப வர்றாரு?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பெரியப்பா... தொடர்பு அலுவலகத்தையெல்லாம் எடுத்தாச்சே. போன வருஷம் பிப்ரவரியிலேயே. உங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கடிதம் போட்டாங்க. அனுப்பினதா இங்க குறிப்பு இருக்கு."

"வரலையே."

"அப்ப உங்க படகுத்துறைப் பாலத்துலதான் நின்னிருக்கும். கொண்டுவந்த ஆளைப் பாலத்து செக்போஸ்டுல ராணுவம் பிடிச்சிருச்சு."

லேவா போனை வைத்தார். பதினெட்டு மாதம். முயே எத்தனை முறை அந்தக் குன்றில் ஏறியிருப்பாள் என்று எண்ணப் பார்த்தார், எண்ண முடியவில்லை. கோபம் யார் மேல் வருவது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் அந்த நீல நாற்காலி மேல் வந்தது. அதை ஓங்கி ஓர் உதை உதைத்தார். பிளாஸ்டிக் நாற்காலிதானே, சும்மா நகர்ந்துகொண்டது.

அப்புறம்தான் மணிக்கட்டைப் பார்த்தார். அன்றிரவு இங்கே படுக்க வேண்டும். படுத்தால் ஒருநாள் போய்விடும், முயேவுக்கு அந்த ஒருநாள் இருக்கிறதோ இல்லையோ. பையை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டச் சீட்டு கேட்கக் கேப்டனிடம் ஓடினார். அலுவலகத்தையே எடுத்துவிட்டார்களாம் என்றார்.

கேப்டன் வாய்க்குள் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"தெரியும் மாமா."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"அந்தக் கடிதம் என் மேசைக்குத்தானே வந்துச்சு. இருக்கிறவரைக்கும் இருக்கட்டும், கலைக்காதேன்னு மேலேர்ந்து உத்தரவு. போட்டோ எடுக்க ஒரு ஆபீஸாவது வேணுமாம்."

"என் பொண்டாட்டிக்கு நெஞ்சுவலின்னு உன்கிட்ட சொன்னேனேடா."

கேப்டன் 'டா'வுக்குக் கோபப்படவில்லை. பாலம் தாண்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான்.

"பூட்டாம போங்க. பலகை அப்படியே இருக்கட்டும், ஃபேன் ஓடட்டும். யாராவது கேட்டா டீ குடிக்கப் போயிருக்காருன்னு சொல்லிக்கிறேன். போங்க மாமா, படகு போயிடும்."

அப்படியே கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் லேவா புறப்பட்டார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, உள்ளே ஃபேன் காற்றில் மீறல் பதிவேட்டின் தாள்கள் படபடத்தன, நாற்காலி வாசலைப் பார்த்தபடி இருந்தது.

சீட்டைக் காட்டிப் பாலம் தாண்டிப் படகேறினார். மறுகரையில் கரேன் பையன்கள் துப்பாக்கியோடு நிறுத்தி யாரென்று கேட்டார்கள். தொடர்பு அலுவலர் என்றார். அப்படி ஒண்ணு இருக்கா என்று ஒருவன் மற்றவனைக் கேட்டான். விரோதிக்குக்கூட அவரை நன்றாகத் தெரிந்திருந்தது; சொந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அது அவருக்கு வலித்தது. கரையோரக் குடிசையில் ராத்தங்கி, விடிந்ததும் மலையேறினார்.

அன்று சாயங்காலம் வெயில் இருக்கும்போதே வீடு வந்துவிட்டது. முயே ஏணியின் மேல்படியில் மூங்கில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். உயிரோடு இருந்தாள். லேவா நடுப்படியிலேயே உட்கார்ந்து, அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"அழுதது போதும், மேலே வா. ஒருநாள் முன்னால வந்திருக்கக் கூடாதா? நேத்துத்தான் சட்டைக்குக் கட்டினேன்."

"என்னைப் போன வருஷமே விட்டுட்டாங்களாம் முயே. எனக்குத்தான் யாரும் சொல்லல."

அவர் கையை இழுத்து மடியில் வைத்தவள், மணிக்கட்டில் நூலைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு கட்டினது?"

"மொஹிங்கா விக்கிற மி ஹான். நேத்துக் காலையில."

"முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்கா." விரலால் நூலைத் தடவினாள். "கூப்பிட்டது யாரு?"

"நான்தான்."

"எங்க கூப்பிட்ட?"

லேவா தலையைக் குனிந்துகொண்டார். "அங்கதான். அந்த வாசல்படியில."

"ராத்திரி அங்க படுக்கவும் இல்ல."

"இல்ல."

பக்கத்தில் கொடியில் சிவப்புச் சட்டை தொங்கியது, கையில் ஐந்து முடிச்சோடு. வருஷத்துக்கு ஒருதடவைதான் கூப்பிட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் உள்ளே கைநீட்டிச் சோற்றுக் கரண்டியை எடுத்து, மேல்படியில் தட்டினாள். அவரைப் பார்த்துத் தட்டவில்லை, பாதையைப் பார்த்துத் தட்டினாள்.

"ப்ர்ர்ர்... லேவாவோட க்லாவே, வா. அந்த ஆபீஸ்ல இருக்காதே. நாற்காலியை விட்டு எழுந்திரு. பாலத்துல நிக்காதே. சோறு இருக்கு, தண்ணி இருக்கு, வா..."

அதற்குமேல் மூச்சு வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரண்டியை அவர் கையில் திணித்தாள்.

லேவா தட்டினார். தன் பேரைத் தானே சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடு," என்றாள் முயே. "அது ரொம்பத் தூரத்துல இருக்கு."