ஏழு தண்ணீர்

மச்சினன் சும்மா எதையும் கொடுக்கிறவன் அல்ல. அதனால்தான் அவன் ஒரு டப்பா நிறைய கிரிட்டைக் கொண்டுவந்து வைத்தபோது தையல்காரர் மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தார்.

புறாவுக்குப் பல் கிடையாது. பொடிக்கல்லை விழுங்கி, அதை வைத்துத்தான் வயிற்றுக்குள் தானியத்தை அரைக்கும். அந்தக் கல்லோடு கிளிஞ்சல் தூள், கரித்தூள், செங்கல் பொடி, உப்பு எல்லாம் சேர்ந்தால் கிரிட். மச்சினனும் புறா வளர்க்கிறவன்தான். போன பந்தயத்தில் தையல்காரரின் சாம்பல் பெட்டையிடம் தோற்றவன்.

“நானே கலந்தது மாமா. பெட்டைக்கு நல்லது.”

“உன் பெட்டைக்கும் இதப் போட்டியா?”

“போடாம?”

அவன் பதில் சொன்ன வேகமே தையல்காரருக்குப் பிடிக்கவில்லை.

சாம்பலுக்கு வயது ஒன்பது. இன்னும் ஒரு முறையோ இரண்டு முறையோ முட்டையிடும். அதற்குள் ஒரு குஞ்சு எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வம்சம் அத்தோடு சரி.

மனைவியின் கண் முன்னால் டப்பாவைக் கொட்ட முடியாது. அவர் கிரிட்டை வாளியில் போட்டுக் கழுவினார். முதல் தண்ணீர் சிவப்பாக வந்தது. அடுத்தது சுண்ணாம்பு போல வெளுத்து வந்தது. ஏழாவது தண்ணீர் தெளிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. மாடியில் துணி விரித்துக் காயவைத்துத் தட்டில் போட்டார்.

மூன்றாவது வாரம் சாம்பல் முட்டையிட்டது. ஓடு தோலாக இருந்தது. விரல் பட்டதும் குழிந்தது. இரண்டாவது முட்டை கூட்டிலேயே உடைந்து கிடந்தது. மற்ற புறாக்கள் சுவரின் சுண்ணாம்பைக் கொத்திக்கொண்டிருந்தன.

“பாத்தியா உன் தம்பி வேலைய?”

“அவன் என்ன பண்ணான்?” என்றாள் மனைவி.

“கிரிட்டுல என்னமோ கலந்துட்டான்.”

“ஏழு தண்ணில கழுவித்தானே போடறீங்க? என் புடவையக்கூட அப்படி யாரும் அலசினதில்ல. அப்பவும் விஷம் போகலயா?”

“சில விஷம் கல்லுக்குள்ள ஊறிடும்.”

மறுநாளிலிருந்து பத்துத் தண்ணீர்.

அந்த வாரம் ஒரு மதியம், மிஷினில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மாடிப்படி அடியில் மச்சினனின் செருப்பு. சட்டைக் கையை அப்படியே ஊசியில் விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் ஏறினார்.

மச்சினன் கூண்டுக்குள் குந்தி உட்கார்ந்து, ஒரு பொட்டலத்திலிருந்து தட்டில் எதையோ கொட்டிக்கொண்டிருந்தான். கையும் களவுமாக. தையல்காரர் காலரைப் பிடித்தார். அவரே தைத்த காலர்.

“என்னடா போடற?”

“கிரிட்டுதான் மாமா! முட்டை தோலாப் போச்சுன்னு அக்கா போன்ல சொல்லிச்சு. சுண்ணாம்புச் சத்து இல்லன்னாத்தான் அப்படி ஆகும். நான் அவ்வளவு போட்டேனே, எங்க போச்சு?”

“மொதல்ல நீ தின்னு காட்டு.”

மச்சினன் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டான். நறநறவென்று கடித்தான்.

“உப்பு கொஞ்சம் தூக்கல். இப்ப உங்க டப்பால இருக்கறத நீங்க தின்னுங்க.”

தையல்காரர் ஒரு மணியை நாக்கில் வைத்தார். உப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. வெறும் கல்.

“கழுவினீங்களா?”

அவர் கண் மூலையில் கவிழ்த்திருந்த வாளிக்குப் போனது.

“மாமா! மாத்திரையக் கொட்டிட்டு அட்டைய முழுங்கற ஆளு நீங்க!”

அதற்குள் புறாக்கள் தட்டை மொய்த்துவிட்டன. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு சாம்பல் நடுவில் நின்று கொத்தியது. தையல்காரர் காலரை விட்டார். கசங்கிய இடத்தைக் கையால் நீவிவிட்டார். பிறகு கேட்டார்:

“அது சரி. என் பெட்டை நல்லா இருந்தா உனக்கென்னடா?”

மச்சினன் தரையைப் பார்த்தான்.

“ஒரு குஞ்சு எனக்குன்னு அக்கா சொல்லிச்சு.”

“எப்ப?”

“டப்பா கொண்டுவர்றதுக்கு முன்னாடியே.”

கீழே பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

மூன்று வாரம் கழித்து சாம்பல் மறுபடியும் இரண்டு முட்டையிட்டது. நகத்தால் தட்டினால் டிக் என்றது. குஞ்சுகள் பொரிந்து, இறகு முளைத்ததும் மச்சினன் வந்து பார்த்தான். சின்னதைக் காட்டினான்.

“இது போதும் மாமா.”

அவன் போய் வெகுநேரமாகியும் தையல்காரர் பெரிய குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் இறக்கைகளை ஒவ்வொன்றாக விரித்து, எங்கே குறை என்று தேடிக்கொண்டிருந்தார்.